கல்லுக்கட்டு இடுக்கில் வைத்த மூச்சு

கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ் முக்கி முனகித் திரும்பிய ஒரு வளைவில் அந்தச் சத்தம் கேட்டது. புஸ். பிறகு பத்து எண்ணும் அளவுக்கு ஒரு மௌனம். மறுபடியும் புஸ். நிமிர்ந்து பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. முன்னிருக்கையில் என் வயதை ஒத்த ஒரு பெண், பக்கத்தில் கணவர். மூச்சுக்கு மருந்து இழுக்கும் பம்ப் அவள் கைப்பையில் இருக்கவில்லை, அவருடைய சட்டைப் பையில் இருந்தது. அவள் கேட்கவும் இல்லை. மூச்சின் ஓரம் கொஞ்சம் கிழிந்த ஓசை அவருக்கு எட்டியிருக்கிறது. எடுத்தார், மூடியைக் கழற்றினார், குலுக்கினார், தண்ணீர்ப் போத்தலைக் கொடுப்பதுபோல் கொடுத்தார். அவள் இழுத்து முடித்துவிட்டு, "கண்டி போனதும் மறக்காம முட்டை வாங்கணும்," என்றாள். "சரி சரி," என்றார் அவர். அவ்வளவுதான். மூச்சும் முட்டையும் ஒரே பேச்சில் முடிந்துபோயின.

நான் பேராதனை வரும்வரை ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு இருந்தேன். மழை பெய்யவில்லை, ஆனாலும் கண்ணாடியில் எதையோ துடைத்துக்கொண்டே இருந்தேன்.

எனக்கு ஆஸ்துமா. நாற்பத்தொன்பது வயதில் இந்த இரண்டு சொல்லை எழுதிவிட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்க்கிறேன். பழக்கம் அப்படி. வத்தேகமவில் எங்கள் வீட்டில் அதற்கு இழுப்பு என்று பெயர், அந்தப் பெயரையும் யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. முன்னறையில் வந்தவர்கள் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்க, அம்மா என்னைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவாள். "பைப்பை நல்லாத் திறந்து விட்டுட்டு எடுப்பா. ஒரு புள்ளைக்கு இழுப்புன்னா மத்தப் புள்ளைக்கும் இருக்கும்னுதான் பேசுவாங்க." வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்குள் என் மூச்சை ஒளித்துவைத்தேன். அக்கா நல்லபடியாகக் கல்யாணமாகி மாத்தளைக்குப் போனாள். வாளி நிரம்பி வழிந்தது, நான் பைப்பை மூடவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். பிறகு எனக்கென்று வந்த இரண்டு பேச்சுகளில் ஒன்று, யாரோ உறவுக்காரர் வாய் தவறிச் சொன்னதால் கலைந்தது. மற்றதை நானே கலைத்தேன். அதன்பிறகு மாநகரசபையில் எழுதுவினைஞர் வேலை, வாடகை அறை, யாரும் வாசிக்காத வசன கவிதைகள், நாற்பத்தாறு வயது.

அப்போதுதான் அவள் வந்தாள்.

கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தில் மொழிபெயர்ப்பாளர். யாழ்ப்பாணத்துக்காரி. வயது நாற்பத்தொன்று. தங்கையைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, அந்த அவசரத்தில் தன் கல்யாணத்தை எங்கேயோ வைத்துவிட்டு மறந்துபோனவள். எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்த காலம். நான் எழுதிய ஒரு கடிதத்தைக் கையில் பிடித்தபடி எங்கள் மாநகரசபைக் கந்தோருக்கே வந்து நின்றாள்.

"இதை எழுதினது நீங்களோ?"

"ஆமாங்க."

"வசனத்தில ஆள் இருக்கிறார். ஆனா என்ன செய்யிறார் எண்டு கடைசி மட்டும் தெரியேல்லை."

"முனிசிப்பால்ட்டியில எல்லாரும் அப்படித்தாங்க," என்றேன்.

துணிக்குள் அவள் சிரித்தது கண்ணில் மட்டும் தெரிந்தது. அந்த நாட்களில் ஒரு இருமல் வந்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நான் "தூசி அலர்ஜி" என்று சொல்லிப் பழகியிருந்தேன். அவளுக்கும் அதையே சொன்னேன். முதல் நாளே.

சந்திக்க எங்கே போகலாம் என்று அவள் கேட்டபோதெல்லாம் வாவிக்கரை என்றேன். ரசனை என்று அவள் நினைத்தாள். கண்டியில் ஏற்றமில்லாமல் மட்டமாக நடக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான் என்பது எனக்கல்லவா தெரியும். மர நிழல்களில் வாங்குக்கு வாங்கு சோடிகள் உட்கார்ந்து, குடையை விரித்து அதற்குள் முகம் புதைத்திருப்பார்கள். நாங்கள் இருவரும் கந்தோர் பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வருமானவரிக்காரர்கள்போல் நடப்போம்.

"நாங்களும் ஒரு குடை வாங்குவமே?" என்றாள் ஒருநாள்.

"இந்த வயசுலயா?"

"வயசு போனாக்களுக்கும் வெயில் படுந்தானே."

வாங்கினோம். கறுப்புக் குடை. அதற்குள் அவள் முகத்தை முதல் தடவை கவசம் இல்லாமல் கிட்டத்தில் பார்த்தபோது எனக்கு மூச்சு நின்றது. அந்தத் தடவை நோயால் இல்லை. வித்தியாசம் எனக்குத் தெரியும். எப்போதும் தெரிந்திருந்தது. அதை அவளிடம் நிரூபிக்க முடியாமல் போனதுதான் பிறகு நடந்தது.

அவள் வாடகைக்கு இருந்தது மேட்டு வீடொன்றின் மேல்மாடி அனெக்ஸில். கண்டியில் வீடுகள் ஒன்றில் ரோட்டுக்குக் கீழே, இல்லாவிட்டால் ரோட்டுக்கு மேலே. அவளுடையது மேலே. பாசி பிடித்த சீமெந்துப் படிகள், மேட்டு மண்ணைத் தாங்கும் கல்லுக்கட்டை ஒட்டி மூன்று முறை மடங்கி ஏறும். வீட்டுக்கார அம்மா ஒரு சிங்கள மூதாட்டி. போயா என்கிற பௌர்ணமி நாட்களில் விடியும்போதே வெள்ளை உடுத்து, சில் என்னும் நோன்பு எடுக்க விகாரைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அதனால் எங்களுக்குக் கிடைத்தது மாதத்தில் அந்த ஒரு பகல். ஊர் முழுக்க வெள்ளை உடுத்துப் புலனை அடக்கும் நாளில் நான் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் படிகளை ஏறுவேன்.

"ஒண்டும் யோசியாதேங்கோ," என்பாள் கதவைத் திறந்துகொண்டே. "அந்த மனுசி அங்கை எங்களுக்கும் சேர்த்துத்தான் புண்ணியம் எடுக்குது."

படிக்குக் கீழே, ரோட்டை விட்டு உள்ளே வந்த இடத்தில், நான் நின்று இரண்டு இழுவை இழுப்பேன். அது இல்லாமல் முதல் மடிப்பைத் தாண்டினாலே நெஞ்சுக்குள் பூனைக்குட்டிகள் கத்தத் தொடங்கிவிடும். இழுத்து முடித்ததும் பம்பை ஒரு சொப்பிங் பேக்கில் சுற்றி, முடிச்சுப் போட்டு, கல்லுக்கட்டில் பன்னச் செடி மூடிய ஓர் இடுக்கில் செருகிவிட்டுத்தான் ஏறுவேன். கூடவே கொண்டுபோனால் என்ன? கேட்பது எளிது. அவள் என் சட்டையை வாங்கித் தானே கதிரை முதுகில் மாட்டுவாள். களிசானை மடிப்பாள். பையில் பேனா இருந்தால் எடுத்து மேசையில் வைப்பாள். அந்த அக்கறையான கைக்கு எட்டாத ஒரு பை எந்த ஆணின் உடுப்பில் இருக்கிறது? உடுப்பைக் களையும் இடத்தில் எதை ஒளிக்க முடியும்?

பம்ப் இழுத்தால் கை நடுங்கும். நெஞ்சு குதிரைபோல் ஓடும். கொஞ்ச நேரம் அப்படித்தான், மருந்தின் குணம். கதவைத் திறந்து என் கையைப் பிடித்தவள் அந்த நடுக்கத்தைத்தான் முதலில் பிடித்தாள்.

"என்ன இது? கை இப்பிடி நடுங்குது?"

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

என் நெஞ்சில் காதை வைத்தாள். "ஐயோ, அடிக்கிற அடி! இந்த வயசிலயும் ஒரு ஆம்பிளைக்கு இப்பிடி வருமோ?" அவள் குரல் உடைந்து மெல்லியதாகிவிட்டது. "என்னைப் பாத்து ஒருத்தரும் நடுங்கினதில்லை."

அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். அந்த வாக்கியத்துக்குப் பிறகு எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. போயாவுக்குப் போயா நான் நடுங்கினேன். அவள் தங்கைக்குத் தொலைபேசியில் சொல்வதைக்கூடக் கேட்டேன்: "நம்ப மாட்டாய் நீ, பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி நடுங்குது மனுசன்." பெருமை. அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் பெருமை அந்த மருந்தின் பக்கவிளைவு.

மூன்றாவது மாதமோ நான்காவதோ, தலையை என் தோளில் வைத்துக்கொண்டு தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து போன காலம். அம்மாவுக்கு முட்டு, எங்கள் வீட்டு இழுப்புக்கு அவர்கள் பக்கத்துப் பெயர். தறப்பாள் கூரைக்குக் கீழே, மழையில், மருந்து ஒன்றும் இல்லாமல், மூன்று நாள். இவள் பின்னால் உட்கார்ந்து அம்மாவின் முதுகைத் தன் நெஞ்சோடு சாய்த்து வைத்திருந்திருக்கிறாள். படுக்க முடியாதவளுக்கு மகளே சாய்மனைக் கதிரை. "அந்த விசில் சத்தம் இருக்கே," என்றாள், "அது நிண்ட பிறகுதான் எனக்கு விளங்கினது. அதுவரைக்கும் அந்தச் சத்தத்தை வெறுத்துக்கொண்டு இருந்தனான். நிண்டவுடனை, கேக்காதோ எண்டு ஏங்கினன்." பிறகு கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "இப்பவும் பஸ்ஸில ஆருக்கும் இழுத்தா நான் இறங்கி மற்ற பஸ்ஸில வாறனான்."

நான் அவளுடைய கூந்தலைத் தடவிக்கொண்டு கிடந்தேன். அந்தப் பகலில் என் மூச்சை எவ்வளவு மெதுவாக விட்டேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு இடுக்கில் இன்னும் ஆழமாகச் செருகினேன்.

மழைக்காலத்து ஒரு போயா. கதவைத் திறந்தவள் கண்ணை மூடச் சொன்னாள். திறந்தபோது கட்டிலில் இரண்டு தலையணைகள். அதுவரை ஒன்றுதான் இருந்தது. மாறி மாறித் தலைவைத்து, சண்டை போட்டு, கடைசியில் என் கைதான் அவளுக்குத் தலையணையாகும். புதியதற்குத் தானே உறை தைத்திருந்தாள், ஓரத்தில் சின்னதாய் நீலப் பூ.

"சந்தையில நிண்டு கண்ணுக்கு முன்னால அடைப்பிச்சனான். அசல் இலவம்பஞ்சு. கடைக்காரன் பழசைக் கலக்கப் பாத்தவன், விடேல்லை." பிறகு என்னைப் பார்க்காமல், உறையின் சுருக்கத்தை நீவிக்கொண்டே, "தங்கச்சியிட்டயும் சொல்லிப்போட்டன். தையில கலியாண எழுத்தை எழுதுவம் எண்டு. உங்களுக்குச் சரிதானே?"

சின்ன வயதில் டாக்டர் எங்கள் வீட்டிலிருந்து முதலில் வெளியே போடச் சொன்னது இலவம்பஞ்சைத்தான். நான் இத்தனை வருடமாக மடித்த துவாயில் தலைவைத்துப் படுப்பவன். ஒரு பெண் தன் வாழ்க்கையைத் திறந்து அதில் எனக்கென்று ஓர் இடத்தைப் பஞ்சு அடைத்து, நீலப் பூவும் போட்டுக் கொடுக்கிறாள். அதைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லும் நாக்கு எனக்கு இல்லை.

"சரி," என்றேன். "எனக்குச் சரி." முகத்தைப் புதைத்து அந்தத் தலையணையை முகர்ந்தேன். அவள் கைகொட்டிச் சிரித்தாள்.

அவ்வளவு சந்தோசமாக நான் இருந்ததில்லை. அதையும் எழுதவேண்டும். வெளியே மழை, தகரத்தில் அது கொட்டும் ஓசை, அவளுடைய தோளில் மஞ்சள் சவர்க்கார வாசம், இரண்டு மத்திம வயதுக்காரர்கள் வெட்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவைத்த ஒரு கட்டில். இடையில் எங்கேயோ தொண்டைக்குக் கீழே நூல் ஒன்று இறுகத் தொடங்கியது. மழைச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தேன். மூச்சை அடக்கினேன். அடக்க அடக்க அது விசிலாகக் கூர்ந்தது. அவள் முதலில் தழுவிக்கொண்டாள், ஆசையின் மூச்சு என்று. பிறகு அவளுடைய உடம்பு அப்படியே மரத்துப்போனது. என் முகத்துக்கு மேலே அவள் முகம். அது என்னைப் பார்க்கவில்லை. வேறு எங்கேயோ ஒரு தறப்பாளுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

"இது முட்டெல்லே," என்றாள். "இது முட்டெல்லே!"

நான் எழுந்து கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக் குனிந்தேன்.

"பம்ப் எங்கை? உங்களிட்ட பம்ப் இல்லையே? எங்கை வைச்சிருக்கிறியள்?"

"கீழ," என்றேன். "கல்லு... கட்டு..."

உடுப்பை அள்ளிச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு மழையில் ஓடினாள். அந்தக் கல்லுக்கட்டில் ஆயிரம் இடுக்கு. பன்னத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தேடுவது எனக்கு மேலே கேட்டது. சேறு அப்பிய கையோடு திரும்பி ஓடிவந்தாள். "எந்த இடம்? எந்தக் கல்லு? சொல்லுங்கோவன்!" சொல்லக் காற்று இல்லை. கடைசியில் களிசானை மாட்டிக்கொண்டு நானே இறங்கினேன். நடந்து இல்லை, குந்தியிருந்து, ஒவ்வொரு படியாக, குழந்தைகள் இறங்குவதுபோல். அவள் எனக்கு முன்னால் பின்புறமாக இறங்கி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். மூன்று மடிப்பும். மழையில் இருவரும் நனைந்தோம்.

இடுக்கில் கையை விட்டுப் பொதியை எடுத்தேன். விரல் ஏவல் கேட்கவில்லை. அவள் பிடுங்கி முடிச்சை அவிழ்த்தாள். ஒன்றல்ல, மூன்று முடிச்சு. உள்ளே இன்னொரு பை. அதற்குள் துணி. துணிக்குள் பம்பும், வாயில் மருந்து வாசம் தெரியாமலிருக்க நான் வைத்திருந்த கராம்பும். ஒவ்வொன்றாக அவிழ்க்க அவிழ்க்க அவளுடைய கை மெதுவாகிக்கொண்டே போனது. என் உயிருக்காக அவசரப்பட்ட கை அது. அந்தப் பொதியின் நேர்த்தியைக் கண்டு தயங்கிவிட்டது.

நாலைந்து இழுவைக்குப் பிறகும் சரியாகவில்லை. அவளே போய்த் திரீவீல் பிடித்து வந்தாள். ஆஸ்பத்திரியில் முகத்தில் மருந்துப் புகைக்குழாயை மாட்டிவிட்டு, தாதி அவளிடம் சிங்களத்தில் மனைவியா என்று கேட்டாள். இரண்டு மொழியிலும் சொல் தேடிச் சம்பளம் வாங்குகிறவள். கூட வந்தவள் என்று மட்டும் சொன்னாள்.

ஆவி அடங்கி மூச்சு நேரானபோது பக்கத்து வாங்கில் இருந்தாள். பாதத்தில் சேறு காய்ந்திருந்தது.

"எவ்வளவு நாளா?"

"சின்ன வயசுல இருந்து."

"அதைக் கேக்கேல்லை. எவ்வளவு நாளா அந்த மதிலுக்குள்ள?"

"மொத நாள்ல இருந்து."

"நான் அம்மாவைப் பற்றிச் சொன்ன பிறகுமா?"

"அதனாலதாங்க சொல்லல."

"அதாலதான் சொல்லியிருக்கோணும்," என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நீங்கள் என்ர கட்டிலில செத்திருந்தா, மருந்து இருந்தும் செத்திருப்பியள். அம்மாவுக்கு இல்லாமல் போனது. உங்களுக்கு இருந்தது, கீழ. எனக்குத் தெரியாது."

தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அந்தக் கை நடுக்கம்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். இனிப் பொய் சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

"மருந்துதாங்க. ஆனா எல்லாமே மருந்து இல்ல."

"எது எது எண்டு பிரிச்சுச் சொல்லுவியளோ?"

முடியவில்லை.

அவள் என்னை விட்டுவிட்டு ஓடிவிடவில்லை. அதுதான் துக்கம். கிளினிக்குக்குத் தானே கூட்டிப்போனாள். நாளாந்தம் எடுக்கும் மருந்து தந்தார்கள், சில வாரங்களிலேயே நெஞ்சு அமைதியானது. கை நடுங்குவது நின்றது. படியை ஒரே மூச்சில் ஏறினேன். தலையணையை அவளே தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டாள், உறையை மட்டும் கழுவி மடித்துவைத்தாள். பம்ப் தலைமாட்டில், வெளிச்சத்தில், மேசைமேல் இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒருவர் பார்த்தால் சொல்வார்.

ஆனால் அவள் கண்ணை மூடவில்லை. நான் அவளைத் தொட்டால் அவள் என் மூச்சைக் கேட்டாள். முத்தத்தின் நடுவில் நிறுத்தி, "பொறுங்கோ," என்று நெஞ்சில் காது வைப்பாள். முன்பும் அதே நெஞ்சில்தான் காது வைத்தாள். அன்று எனக்காகத் துடிக்கிறதா என்று கேட்டவள் இப்போது நிற்குமா என்று கேட்டாள். ஒரு போயாப் பகல் நான் அசந்து தூங்கி விழித்தபோது, என் முதுகு அவள் நெஞ்சில் சாய்ந்திருந்தது. சுவரில் தன் முதுகை வைத்து, இரண்டு கையாலும் என்னைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அழுதிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. பாருங்க, சத்தமே இல்ல," என்றேன்.

"தெரியும்," என்றாள். "சத்தம் இல்லாததுதான் எனக்குப் பயம்."

தை வந்தது. எழுத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. மாசியில் அவள் யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கேட்டு எழுதியதைச் சொன்னாள். மறைக்கவில்லை, எழுதிய அன்றே சொன்னாள். மறைக்காமல் இருப்பது எப்படி என்று எனக்குக் காட்டுகிறாளோ என்று தோன்றியது. "உங்களில கோபம் இல்லை," என்றாள். "கோபம் எண்டா போயிரும். இது போகுதில்லை. உங்களோட இருந்தா நான் திரும்பவும் அந்தத் தறப்பாளுக்குக் கீழதான் இருக்கிறன். என்னால ஏலாது." நான் இருங்கள் என்று கேட்டேன். ஒருமுறை இல்லை. வாவிக்கரையில் கேட்டேன், கந்தோர் வாசலில் கேட்டேன், தொலைபேசியில் கேட்டேன். ஒவ்வொரு முறையும் பொறுமையாகக் கேட்டாள்.

குட்ஷெட் பஸ் நிலையத்தில் காலை பஸ். கொண்டக்டர் யாழ்ப்பாணத்தைச் சிங்களத்தில் "யாப்பனே, யாப்பனே" என்று கத்திக்கொண்டிருந்தான். இரண்டு சூட்கேஸ், ஒரு ரைஸ் குக்கர் பெட்டி. பெரிய சூட்கேஸை நான் தூக்கியதும் பதறிப் பிடுங்கினாள். "வையுங்கோ, வையுங்கோ, நான் தூக்குறன்." பஸ் புகைவிட்டது. என்னைக் கையால் தள்ளிக் காற்று வரும் பக்கமாக நிறுத்தினாள். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைத் திறந்தாள்.

என்னென்னவோ யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். "போனதும் ஒரு கோல் எடுங்க," என்றேன்.

"ஓம்."

பஸ் அசைந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இரண்டடி கூட நடந்தேன். அவள் தலையை வெளியே நீட்டினாள்.

"இனி ஆரும் உங்களிட்ட வந்தா," என்றாள், "முதல் நாளே சொல்லிப்போடுங்கோ."